முதலில் சொன்னவர்

கஸ்பாரை அடக்கம் செய்த மூன்றாம் நாள் மதியம். துக்கம் கேட்க வந்தவர்கள் கலைந்தபின் மிக்கேல் மட்டும் நின்றார். ஊரில் மிஞ்சியிருந்த கருவாடு ஏற்றுமதியாளர்கள் இரண்டே பேர். ஒருவர் கஸ்பார், மற்றவர் இவர்.

"மைனி, கஷ்டமேன்னு சரக்கை அடிமாட்டு விலைக்குத் தள்ளிராதீங்க. நான் விக்கிற விலைக்கே நீங்களும் வித்துக்கங்க."

கஸ்பாரின் மனைவி ரெஜினாதான் இனி அவர் தொழிலுக்குச் சொந்தக்காரி. தொழிலில் போட்டியாக இருப்பவர்கள் விலை பேசிக்கொண்டால், நூற்று நாற்பது நாடுகளின் கூட்டு ஆணையத்துக்குப் பொழுது சாய்வதற்குள் எப்படியும் தெரிந்துவிடும். முதலில் சொல்பவருக்கு மன்னிப்பு உண்டு. மற்றவரின் சரக்கு அதன்பிறகு எந்தத் துறைமுகத்திலும் இறங்காது.

மிக்கேலும் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, என்ன பேசிட்டேன்!" என்று விறுவிறுவென வெளியே போனார்.

ஆணையத்திடம் சொல்லத்தான் ஓடுகிறார் என்று ரெஜினா நினைத்தாள். உள்ளே இரண்டு பிள்ளைகளும் அழுது ஓய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். கைபேசியில் ஆணையத்தின் எண்ணை அழுத்தினாள். வியர்வையில் விரல் வழுக்கியது. மறுபடி அழுத்திச் சொல்லி முடித்தாள்.

"நீங்கள்தான் முதலில் சொன்னவர். மன்னிக்கப்பட்டீர்கள்" என்றது குரல்.

மூச்சு வாங்க வாசலுக்கு வந்தாள். மிக்கேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உள்ளே இன்னும் நாற்காலி கிடக்கா மைனி? வண்டிக்காரன் வந்துட்டான்" என்றார்.