நடு ஹாலில் நடக்கக் கூடாது

"ஐயய்யோ, நடுவுல கால் வைக்காதீங்க! சுவரோரமா வாங்க!"

மருமகள் போட்ட சத்தத்தில், அப்பாவைப் பார்க்க ஆசையாக வந்திறங்கிய மகள், கையில் பெட்டியோடு வாசலிலேயே ஒற்றைக் காலில் நின்றாள்.

"ஏன் அண்ணி, தரை இன்னும் காயலையா?"

"போட்டு ரொம்ப நாளாச்சு. பிரெஞ்சு டைல்ஸ். பிரான்சுல ஏதோ பழைய பங்களாவை இடிச்சப்போ பெயர்த்தெடுத்தது. உங்கப்பா ஆசைப்பட்டு, அலைஞ்சு பிடிச்சது. ஒண்ணு உடைஞ்சாலும் வேற கிடைக்காது."

அழகான தரைதான். கறுப்பு, சாம்பல், வெள்ளை மூன்றும் சேர்ந்து, பெட்டி மேல் பெட்டி அடுக்கினாற்போல் எழும்பித் தெரிந்தது. குனிந்து தடவினால் வழவழவென்று ஒரே மட்டம்.

"அதுக்காக யாருமே நடக்கக் கூடாதா?"

"யாருமே. அடுத்த வீட்டுப் பூனைக்கு மட்டும் எவ்வளவு சொல்லியும் புரியலை."

சமையலறையிலிருந்து அண்ணன் டீ கொண்டுவந்தான். முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, பல்லி மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து. தட்டில் டம்ளர்கள் ஆடின.

"என்னண்ணா இது கூத்து?"

"பேச்சுக் குடுக்காதே. டீ கொட்டும். கொட்டினா உங்க அண்ணி என்னைப் பெயர்த்தெடுத்து பிரான்சுக்கு அனுப்பிடுவா."

அவனுக்குப் பின்னாலேயே, சுவர் நெடுக அடித்திருந்த மரச்சட்டத்தைப் பிடித்தபடி அப்பா.

"வா பாப்பா! பார்த்தியா, பஸ் ஓட்டினவனை பிளாட்பாரத்துல நடக்க விட்டுட்டா உங்க அண்ணி! வீட்டுக்குள்ளேயே ஒன்வே!" ஹாலே அதிரச் சிரித்தார்.

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எந்தக் காலத்துலயோ எவனெவனோ பூட்ஸ் காலோட மிதிச்ச தரை. எங்கப்பா வெறுங்காலோட நடந்தா தேஞ்சிடுமா?"

"தேயும்." மருமகள் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டாள்.

"அப்படின்னா தரையை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க! அப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்டு சிமெண்டுத் தரையில ராஜா மாதிரி நடக்கட்டும்."

"டீயாவது குடிச்சிட்டு..." என்று இழுத்தான் அண்ணன்.

அப்பாவின் சிரிப்பு நின்றுபோனது.

"நான் எங்கேயும் வரலை பாப்பா. இது என் வீடு. நான் பொறுக்கின தரை."

"உங்க தரைன்னா நடுவுல நடங்க! யார் தடுக்கிறாங்கன்னு பார்த்துடலாம்!"

அவர் கையைப் பிடித்து விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"வேண்டாம்மா, வேண்டாம்!" மருமகள் பாய்ந்து வந்தாள். அவளும் நடுவில்தான் ஓடி வந்தாள்.

நடு ஹாலில் அப்பா நின்றார். தரையை உற்றுப் பார்த்தார். பிறகு, மாடிப்படி ஏறுகிறவர் போல வலது காலை உயரத் தூக்கி வைத்தார்.

அங்கே படி ஏதும் இல்லை.

கால் தொப்பென்று தரையில் விழ, ஆள் முன்னால் சரிந்தார். மருமகள் இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டாள். பழகிய பிடி.

"அப்பா! என்னப்பா ஆச்சு?"

"என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலை! டான்ஸ்! அந்த பங்களாவுல இப்படித்தான் ஆடியிருப்பாங்க!"

பிடித்த கையை விடாமல் மருமகளை ஒரு சுற்றுச் சுற்றினார். அவளும் கூடவே சுற்றினாள். அண்ணன் டீயைக் கீழே வைத்துவிட்டு வெறும் தட்டில் தாளம் போட்டான். எல்லாரும் கலகலவென்று சிரித்தார்கள். அப்பாவின் பார்வை மட்டும், அடுத்த அடியை எங்கே வைப்பதென்று தரையில் தேடிக்கொண்டே இருந்தது.

மகளும் தரையைப் பார்த்தாள். கறுப்பு, சாம்பல், வெள்ளை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், படி, படி, படி.

சுற்றுகிற சாக்கில் பக்கத்தில் வந்த மருமகள், அவள் காதில் மட்டும் முணுமுணுத்தாள்:

"பார்வை மங்கிடுச்சு. சொன்னா ஒத்துக்க மாட்டார். டாக்டர்கிட்ட கூப்பிட்டா, 'நான் பஸ் ஓட்டினவன்'ம்பார். தரையை மாத்தினா மனசு உடைஞ்சிடுவார். அவர் கீழே விழறதுக்குப் பதிலா, நான் பொல்லாதவளாவே இருந்துட்டுப் போறேன்."

மகள் சுவரோரமாய்ப் போய் ஒட்டி நின்றுகொண்டு, இடுப்பில் ஒரு கையை வைத்து, மறு கையை அப்பாவிடம் நீட்டி அதட்டினாள்:

"போதும்பா ஆட்டம்! இவ்வளவு ஒசத்தியான தரையைத் தேய்ச்சே தீர்த்துடுவீங்க போலிருக்கே. ஓரமா வாங்க!"