ஒரு கைக் கத்தி

“இதை உள்ள விட முடியாதுங்கய்யா.”

ஆஸ்பத்திரி வாசலில் பைகளைச் சோதித்துக்கொண்டிருந்த போலீஸ்காரி பெலிண்டா, மருதையின் மடக்குக் கத்தியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“கொய்யாப்பழம் நறுக்கத்தாம்மா. மூணாம் மாடியில என் சம்சாரம் படுத்திருக்கா. அவ வாய்க்குப் பிடிக்கிறது அது ஒண்ணுதான். வீட்லருந்து நறுக்கிட்டு வந்தா பஸ்ல வர்றதுக்குள்ள கறுத்துப்போகுது.”

“ஒரே கையால தட்டி விரிக்கிற கத்திங்க. உள்ள கொண்டுபோகத் தடை இருக்கு.”

மருதை இடது சட்டைக்கையைத் தூக்கிக் காட்டினார். முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. பட்டறை மெஷின் கொண்டுபோய்விட்டது.

“எனக்கு இருக்கிறதே ஒரு கைதானே? வேற எந்தக் கத்திய நான் விரிக்கிறது?”

அவள் கத்தியை மேஜை டிராயருக்குள் வைத்தாள். பிறகு, “போகும்போது வாங்கிக்குங்க” என்றாள்.

கல்நெஞ்சக்காரி!

மருதைக்கு ரோஷம் ஜாஸ்தி. கை போன நாளிலிருந்து யாரிடமும் ஓர் உதவி கேட்டதில்லை. பக்கத்துக் கட்டில்காரர்களிடமும் நறுக்கித் தரக் கேட்கவில்லை. மனைவி சந்திரம்மாளுக்குப் பல் ஆடுகிறது, கடித்துத் தின்ன முடியாது. பழத்தை முழுசாக அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு, கத்தியை வாங்கிக்கொண்டு பாலக்கரை வீட்டுக்கு பஸ் ஏறினார்.

மறுநாள் டிபன் கேரியரில், தயிர்சாதத்துக்கு அடியில் கத்தியைப் புதைத்துக் கொண்டுவந்தார். பெலிண்டா கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா? ஸ்பூனை உள்ளே விட்டதும் ‘டங்’கென்றது.

“ஐயா, இதுக்குக் கேஸே போடலாம். நான் போடல. போங்க.”

“உன் வீட்ல ஒருத்தி இப்படிப் பட்டினி கிடந்தாத் தெரியும்!”

வாசலே திரும்பிப் பார்க்கும்படி இரைந்துவிட்டு மாடியேறினார். அவள் தலைநிமிராமல் கத்தியிலிருந்த தயிரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மேலே சந்திரம்மாள், மெல்லிசாக நறுக்கிய கொய்யாத் துண்டை மென்றுகொண்டிருந்தாள். புருஷனைப் பார்த்ததும் தட்டை மறைக்கப் பார்த்தாள்.

“யாரு நறுக்குனது?”

“சொல்ல வேணாம்னுச்சுங்க அந்தப் பொண்ணு...”

“எந்தப் பொண்ணு?”

“கேட்டுல நிக்குமே, போலீஸ் பொண்ணு. நேத்து நீங்க கிளம்பினதும் வந்துச்சு. நர்ஸ்கிட்ட கத்தி வாங்கி நறுக்கிக் குடுத்துச்சு. இன்னிக்குக் காலையிலயும் டூட்டிக்கு முன்னால வந்துட்டுப் போச்சு.”



“எங்கிட்ட ஏன் சொல்லக் கூடாதாம்?”

“‘அவருக்கு யார் உதவியும் வாங்க மனசு வராது போலம்மா. நான்தான்னு தெரிஞ்சா கூசிப்போயிருவாரு. என்னைத் திட்டிக்கிட்டே இருக்கட்டும், பரவாயில்ல’ன்னுச்சுங்க.”