இன்னும் ஒரு வாரம்

எட்மண்டன் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தின் வெள்ளைப் பலகையில், தன் பாதிக் கணக்கின் கீழே ‘அழிக்காதீர்கள்’ என்று எழுதிவிட்டுக் கிளம்பிய மாணவன் கைல், வழியிலேயே பனிச்சாலை விபத்தில் இறந்துபோனான்.

“சரிபார்க்க ஒரு வாரம் குடுங்க மேடம்” என்று அன்று கெஞ்சியிருந்தான். பேராசிரியை மொரீன் கொடுக்கவில்லை. அரைகுறைக் கணக்கையே பணம் போட்ட நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டாள்.

“இன்னுமா துடைக்கல? கம்பெனி ரகசியம் மேடம், என் வேலைக்கு உலை வெச்சிராதீங்க” என்றான் மறுவாரம் வந்த அந்த நிறுவனத்து டெரிக்.

துடைத்தாள். மறுநாள் காலையில் கணக்கு அப்படியே இருந்தது. கைலின் கையெழுத்தில் ஒரு வரி கூடியிருந்தது. தினமும் துடைத்தாள், தினமும் ஒரு வரி கூடியது. ஏழாம் நாள் விடை வந்திருந்தது. அதன் கீழே, ‘முடிச்சிட்டேன் மேடம். இனி அழிக்கலாம்.’

சாயங்காலம் டெரிக் எட்டிப் பார்த்தான். “என்ன, இன்னிக்குத் துடைக்கலையா?”

மொரீன் கையில் துணி இருந்தது.

“ஒரு வாரம் குடுங்க, டெரிக்.”