நாயைக் கேட்ட வாட்ச்

ஓட்டக்காரன் சூசையோட மணிக்கட்டுல ஒரு வாட்ச் இருந்துச்சு. தினமும் காலைல அது அவன் இதயத்தை விசாரிக்கும்: "என்னண்ணே, அலுப்பு தீர்ந்துச்சா?"

மெதுவா ஓடுன மறுநாள், இதயம் ஒரு துடிப்பை முந்தியும் அடுத்ததைப் பிந்தியும் நிதானமா அடிக்கும். அலுப்பு தீர்ந்துச்சுன்னு வாட்ச் பச்சை காட்டும். வேக ஓட்டத்துக்கு மறுநாள், ஆணி அறையுற மாதிரி ஒரே சீரா அடிக்கும். இன்னும் அலுப்பு தீரலைன்னு வாட்ச் சிவப்பு காட்டும். சிவப்புன்னா கோச் உட்கார வெச்சிருவார்.

தொடர்ந்து மூணு நாள் சிவப்பு. இன்னொரு நாள் உட்கார்ந்தா டீம்ல பேர் இருக்காதுன்னு சூசைக்குப் பயம். நாலாம் நாள் வாட்ச்சைக் கழட்டி, வாசல்ல தூங்குன நாயோட கால்ல கட்டினான். பச்சையோ பச்சை! கோச் முதுகுல தட்டிக்கொடுத்தார்.

மைதானத்துல, மணிக்கட்டுக்குத் திரும்பி வந்த வாட்ச்கிட்ட இதயம் கேட்டுச்சு: "தம்பி, என்னால முடியலைன்னு சொன்னியா?"

"நாய் சௌக்கியம்னு சொன்னேண்ணே. என்னை அதுகிட்டதானே கேக்க விட்டாங்க."

"இன்னைக்காவது படுத்துக்கலாம்னு இருந்தேன்டா."

"இன்னைக்குப் பன்னெண்டு ரவுண்டுண்ணே. நீங்க நல்லாத் தேறிட்டீங்கன்னு கோச் ரெண்டு கூட்டியிருக்கார்."

விசில் ஊதிட்டாங்க. இதயம் ஓட ஆரம்பிச்சுது.