வெள்ளிக்கிழமை உறுமல்

"இன்னைக்கும் உறுமுச்சுன்னா நாளைக்கே வித்துப்போடுவேன்" என்றார் நம்பிராஜன். உலகச் சண்டை முடிந்ததும் பட்டாள ஏலத்தில் எடுத்த ஜீப் அது.

அவர் மனைவி மாரித்தாயின் முகம் வாடியதை சத்தத்தைக் கண்டுபிடிக்கக் கூட வந்த மெக்கானிக் பரீது கவனித்தான். முட்டுவலிக்காரி வெள்ளிதோறும் குற்றாலநாதரைப் பார்ப்பது அந்த வண்டியின் தயவில்தான்.

தென்காசியிலிருந்து போகும்போது சத்தமே இல்லை. சாமி கும்பிட்டுத் திரும்பும்போது வண்டி கடகடவென்று உறுமி, வளைவுகளில் உதறியது.

"கேட்டியாலே பரீது? போகையில வராது, திரும்பையில வரும். பேய் பிடிச்ச வண்டி!"

நம்பிராஜன் வண்டியை நிறுத்தி, இறங்கி அடியில் குனிந்து பார்த்தார். பரீதின் கண்ணோ உள்ளே, கியர் பக்கத்தில் இருந்த சின்னக் கம்பியில் விழுந்தது. அதில் ஒரு மல்லிகை மாலை. ஆடாமலிருக்க அதன் நாரை ஆசனக் காலோடு இழுத்துக் கட்டியிருந்ததில் கம்பி பின்னால் சாய்ந்திருந்தது.

"மதினி, இது யாரு கட்டுனது?"

"நாந்தான். மொத வாரம் வண்டி நல்லா ஓடணும்னு கட்டுனேன்; பொறவு சத்தம் நிக்கணும்னு வாராவாரம் கோயில் மாலையக் கட்டுதேன். வீட்டுக்குப் போனதும் அவுத்து, கம்பிய நிமுத்தி வச்சிருவேன்."

மலைப்பாதையில் முன்சக்கரங்களையும் இழுக்க வைக்கும் கம்பி அது. கெட்டி ரோட்டில் அதை இழுத்துவிட்டால் வண்டி உறுமத்தான் செய்யும்.

பரீது சிரிப்பை அடக்கிக்கொண்டான். நாரை அவிழ்த்து, கம்பியை முன்னே தள்ளி, மாலையை முன்கண்ணாடியில் மாட்டினான்.

தென்காசி வரைக்கும் ஒரு முனகல் இல்லை.

"என்னலே பண்ணுன?" என்றார் நம்பிராஜன்.

"மாலையக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன், அண்ணாச்சி. மதினி வேண்டுதல் பலிச்சிருச்சு."