ஏன் என்று கேட்கக் கூடாது

புதிய பதிப்பில் மீசைக்குப் பிடித்தது அட்டைப்படம் மட்டும்தான்.

ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டி, கதை சொல்லி ஆடும் ஆட்டம் அது. மீசை என்று எல்லோரும் கூப்பிடும் அவர், சாவிக்கொத்தை மேஜைமேல் போட்டுவிட்டு உட்கார்ந்து, புது விதிப் புத்தகத்தைக் கையில் எடுத்ததிலிருந்து வாயை மூடவில்லை. மந்திரவாதிக்கு இவ்வளவு சக்தி எதற்கு? பகடையில் தோற்றாலும் பாதி வெற்றியாமே, இதென்ன அழுத பிள்ளைக்கு மிட்டாயா? பழைய பதிப்பில் செத்தால் செத்ததுதான்.

எல்லோரும் சிரித்தார்கள். வாரம் முழுக்க லாரி எஞ்சினோடு மல்லுக்கட்டும் மனிதர். ஞாயிறு மதியம் மருந்துக்கடை மாடியில்தான் அவர் ராஜா.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண்ணும் சிரித்தாள். பார்வை மட்டும் மேஜை நடுவில் கிடந்த சிவப்பு அட்டையை விட்டு நகரவில்லை.

அதுவும் புதிய பதிப்பில் வந்ததுதான். கதை போகும் போக்கு யாருக்காவது தாங்க முடியாவிட்டால் அட்டைமேல் விரலை வைத்தால் போதும். கதை சொல்பவர் அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு வேறு பக்கம் போய்விட வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

விரல் வைத்தால் நின்றுவிடும். இப்படி ஒன்று உலகத்தில் இருக்க முடியும் என்று அவளுக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

"பயந்தா எந்திரிச்சுப் போக வேண்டியதுதானே? இதுக்கு ஒரு அட்டையா?" என்றார் மீசை.

அட்டையை எடுத்துவிடுவார்களோ என்று அவள் பயந்தாள். கதை சொல்லும் மருந்துக்கடைக்காரர்தான், இன்று ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஆட்டத்தைத் தொடங்கினார்.

இந்த மேஜையில் அவள் வாள்வீராங்கனை. டிராகனின் வாய்க்குள் கையை விட்டு வாளை உருவி எடுத்தவள். பேய், பூதம் எதற்கும் அசராதவள் என்று பேரெடுத்தவள்.

இன்றைய கதையில் டிராகன் இல்லை. ஓர் இருட்டறையில் அவள் தனியாக இருக்கிறாள். மருந்துக்கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். படிக்கட்டில் காலடிச் சத்தம். தள்ளாடி ஏறி வருகிறது. கதவுக்கு வெளியே நிற்கிறது. சாவி பூட்டைத் தேடி உரசுகிறது. முதல் தடவை நுழையவில்லை.

வாளை எடுக்கிறாயா என்று யாரோ கேட்டது அவள் காதில் விழவில்லை.

சாவி மறுபடி உரசியது.

அவள் விரல் அட்டைமேல் இருந்தது.

மருந்துக்கடைக்காரர் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். அடுத்த மூச்சில் எல்லோரும் ஓர் ஆற்றங்கரையில் நின்றார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பகடைகள் உருண்டன.

மீசை மட்டும் அதற்குப் பிறகு ஒரு கருத்தும் சொல்லவில்லை.

ஆட்டம் முடிந்ததும் எழுந்தார். சாவிக்கொத்தை எடுத்து விரலில் மாட்டிக்கொண்டார். சிரித்த முகமாகவே மனைவியின் நாற்காலி முதுகில் கை வைத்தார்.

"வா. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

அவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

பகடைகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர் சிவப்பு அட்டையைத் தேடினார். மேஜைக்கடியிலும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது, பாதி மூடிய கைப்பையின் வாயில் அதன் ஓரம் தெரிந்தது. அதை அழுத்திக்கொண்டிருந்த அவள் விரலும் தெரிந்தது.

அவருக்கு விதி தெரியும். அவர் ஏன் என்று கேட்கவில்லை.