அத்தை சொன்ன பெயர்

தம்பியின் மூன்றாவது மகளைப் போதும்பொண்ணு மடியில் வாங்கிக்கொண்டாள். பெயர் வைக்கும் நாளில் குழந்தையின் காதில் முதலில் சொல்ல வேண்டியவள் அத்தைதான்.

“உன் பேரையே வச்சிருவோம்க்கா. ராசியான பேரு. நீ வந்த பெறவுதான நான் பொறந்தேன்” என்றான் தவமணி.

அவளைப் பெற்றவர்களுக்கு நான்காவதும் பெண்ணாகப் போனதால், இனிப் பெண் வேண்டாம் என்று சாமிக்குத் தெரிவிக்க அவளுக்கு வைத்த பெயர் அது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அதைக் கூப்பிடும்போதெல்லாம் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த வயதில் தனக்கென்று வேறொரு பெயரைத் தேடி வைத்துக்கொண்டாள். இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அழுகை வரும்போது மட்டும் அந்தப் பெயரால் தன்னைக் கூப்பிட்டுத் தேற்றிக்கொள்வாள்.

குழந்தையைப் பெற்றவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். “சட்டுனு சொல்லிருங்க மதினி” என்றாள், திரும்பாமலே.

போதும்பொண்ணு வெற்றிலையால் வாயை மறைத்துக்கொண்டு குனிந்தாள். குழந்தையின் காது வெதுவெதுப்பாக இருந்தது. தனக்கென்று வைத்திருந்ததை அந்தக் காதில் மூன்று முறை சொன்னாள். வேறு யாருக்கும் கேட்கவில்லை.

“சொல்லிட்டியாக்கா?”

“சொல்லிட்டேன்.”

எல்லோரும் குழந்தையைப் போதும்பொண்ணு, போதும்பொண்ணு என்று கொஞ்சத் தொடங்கினார்கள். குழந்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவளுக்கு அழுகை வந்தது. வழக்கம்போல அந்தப் பெயரைச் சொல்லித் தன்னைக் கூப்பிட்டாள். குழந்தையின் முகம்தான் வந்தது.